ஒரு கணக்கு பழி சொன்னது! பல கணக்கு வழி சொன்னது!

2002-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1,600 குழந்தைகள் இளம்பிள்ளை வாதத்தால் முடங்கினர். அவர்களில் பெரும்பகுதியினர் உத்தரப்பிரதேசத்துக் குழந்தைகள். அங்கும் முஸ்லிம் குழந்தைகளின் பங்கு, மக்கள் தொகை விகிதத்தைவிட மிக அதிகம். இந்தக் கணக்கு வெளிவந்ததும் என்ன நடந்தது? 'முஸ்லிம்கள் சொட்டு மருந்தை மறுக்கிறார்கள், அதனால்தான் போலியோ நாட்டை விட்டுப் போகவில்லை' என்ற பேச்சு கிளம்பியது. கணக்கு பொய்யில்லை. ஆனால் அது அரைக் கணக்கு.

மறுப்பு இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 'இது கருத்தடை மருந்து' என்ற வதந்தி மேற்கு உ.பி.யின் மஹல்லாக்களில் பரவியது உண்மை. 1976-ல், அவசர நிலையின்போது, கட்டாயக் கருத்தடைக்கு ஆட்களைப் பிடித்துச் சென்றதைக் கண்ணால் கண்ட தலைமுறை அங்கே உயிரோடு இருந்தது. சாக்கடை வெட்டித் தராத அரசு, காய்ச்சலுக்கு மாத்திரை தராத அரசு, இந்த ஒரு மருந்தை மட்டும் வீடு தேடி வந்து ஊற்றுகிறதே, ஏன் என்று ஒரு தாய் கேட்டால் அவளை அறிவிலி என்று தள்ளிவிட முடியுமா?

அந்த அரைக் கணக்கோடு நின்றிருந்தால் இன்றும் நம் குழந்தைகள் முடங்கிக்கொண்டிருப்பார்கள். பழியும் நம் தலையிலேயே இருந்திருக்கும். நல்லவேளையாக, வேறு கணக்குகளும் இருந்தன.

1997-ல் மத்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து தேசிய போலியோ கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கின. 15 வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்குக் கை கால் திடீரெனத் தளர்ந்தாலும் தகவல் வரவேண்டும். அந்தக் குழந்தையின் மலம் பரிசோதனைக்குப் போகும். அதற்கான ஆய்வுக்கூடங்களில் நம் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் ஒன்று. இது ஒரு கணக்கு. சொட்டு மருந்து போட வந்தவர்கள் வீட்டுக் கதவில் 'பி' என்றோ 'எக்ஸ்' என்றோ குறி போட்டார்கள். எக்ஸ் என்றால் அந்த வீட்டில் ஒரு குழந்தையாவது விடுபட்டிருக்கிறது. அதற்கான காரணத்தையும் எழுதினார்கள். இது இன்னொரு கணக்கு. மும்பையில் 2001 முதல் சாக்கடை நீரையே எடுத்துப் பரிசோதித்தார்கள். ஒரு குழந்தையும் முடங்காத நாளில்கூட, ஊருக்குள் கிருமி உலவுவதைச் சாக்கடை காட்டிக் கொடுத்தது! கிருமியின் மரபணுவைப் பார்த்து அது எந்தப் பகுதியிலிருந்து கிளம்பி வந்தது என்றும் கண்டார்கள்.

இவற்றை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தபோதுதான் காட்சி மாறியது. முடங்கிய குழந்தைகளில் பலர் மருந்தை ஒரு முறையல்ல, பல முறை குடித்தவர்கள்! எக்ஸ் குறி விழுந்த வீடுகளில் மறுத்தவர்கள் ஒரு பங்குதான். வீடு பூட்டியிருந்தது, குழந்தை ஊரில் இல்லை என்பனவும் காரணங்களாக இருந்தன. மருந்து குடித்த குழந்தை ஏன் முடங்கியது? 2006-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்குப் போட்டுச் சொன்னது. நாட்டின் பிற பகுதிகளில் ஒரு தவணை மருந்து சுமார் 21 சதவீதம் பாதுகாப்புத் தந்தது என்றால், உ.பி.யில் சுமார் 9 சதவீதம்தான் தந்தது. நெரிசல், திறந்த சாக்கடை, ஓயாத வயிற்றுப்போக்கு ஆகியவை சேர்ந்து குழந்தையின் குடலில் மருந்தை வேலை செய்யவிடவில்லை. நம் நாட்டுக் குழந்தைகளுக்கு இந்தச் சொட்டு மருந்தின் தவணைகள் போதவில்லை என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜான் 1970-களிலேயே சொல்லியிருந்தார். நம் வேலூரில் சொன்னது டெல்லியின் காதில் ஏற இத்தனை ஆண்டுகள்!

ஆக, குற்றவாளிக் கூண்டில் தனியாக நின்ற சமுதாயத்தின் பக்கத்தில் சாக்கடையும் வறுமையும் நகராட்சியும் வந்து நின்றன. முடிவுகளும் அதற்கேற்ப மாறின. வீரியம் கூடிய புதிய மருந்து 2005-லும், இன்னொன்று 2010-லும் வந்தன. கிருமி விடாமல் சுற்றிய 107 ஒன்றியங்களை, பீகாரில் 66, உ.பி.யில் 41 எனப் பிரித்தெடுத்து, அங்கே சொட்டு மருந்தோடு வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும், சுத்தத்துக்கான பணிகளும் கொண்டுவரப்பட்டன. ரயிலிலும் செங்கல் சூளையிலும் குழந்தைகளைத் தேடிப்போனார்கள். உலமாக்களை அணுகினார்கள், பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் அறிவித்தன, அலிகர், ஜாமியா மில்லியா பல்கலைக்கழகங்கள் துணை நின்றன. மறுத்தவர்களைத் திட்டுவதற்குப் பதிலாக அவர்களோடு பேசினார்கள்.

2009-ல் 741 குழந்தைகள். 2010-ல் 42. 2011 ஜனவரி 13-ல் மேற்கு வங்கம் ஹவுராவில் ஒரே ஒரு குழந்தை, அதுவே கடைசி. 2014 மார்ச் 27-ல் இந்தியா போலியோ ஒழிந்த நாடென்று சான்று பெற்றது.

வணிகச் சகோதரர்களே! கடையில் இருப்புப் புத்தகத்தை மட்டும் பார்த்துச் சரக்கு எடுப்பீர்களா? விற்பனை, கடன், திருவிழாக் காலம் எல்லாம் பார்த்துத்தானே எடுக்கிறீர்கள்! டெங்குக் காலத்தில் உங்கள் நகராட்சி என்ன பார்க்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அரசு மருத்துவமனைப் பதிவை மட்டும் பார்த்தால், பஜார் தெருவில் காய்ச்சலோடு தனியார் கிளினிக்குக்கும் மருந்துக்கடைக்கும் போனவன் கணக்கிலேயே வரமாட்டான். கணக்கில் வராத தெருவுக்கு மருந்தும் வராது, கொசு மருந்து வண்டியும் வராது.

'விவரம் கொடுத்தால் வேறு எதற்கோ பயன்படுத்துவார்கள்' என்ற அச்சம் நம் மக்களிடம் உண்டு. அது ஆதாரமில்லாத அச்சமல்ல. 2011-ல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் உசாமா பின் லாதினைத் தேடுவதற்காக, ஒரு மருத்துவரை வைத்துப் போலித் தடுப்பூசி முகாம் நடத்தியது அமெரிக்க உளவுத்துறை. இனிமேல் தடுப்பூசித் திட்டங்களை அப்படிப் பயன்படுத்த மாட்டோம் என்று 2014-ல் வெள்ளை மாளிகை சொன்னது. ஆனால் அதற்குள் அந்த நாட்டில் சொட்டு மருந்து போடும் அப்பாவிப் பெண்கள் சந்தேகத்துக்கு ஆளாகிச் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். உளவாளி செய்த துரோகத்துக்குச் செவிலியர்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

எனவே அரசிடம் நாம் கறாராகக் கேட்க வேண்டும்: சுகாதாரத்துக்கு வாங்கிய விவரம் சுகாதாரத் துறையைத் தாண்டக் கூடாது. பெயரும் மதமும் பத்திரிகைக்குப் போகக் கூடாது. வார்டு வாரியாக நோயும், குடிநீரும், சாக்கடையும், தடுப்பூசியும் ஒரே பட்டியலில் மக்கள் பார்வைக்கு வரவேண்டும். ஒரு சமுதாயத்தின் நோய்க் கணக்கைச் சொல்பவர், அது வாழும் தெருவின் சாக்கடைக் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் பங்கும் இருக்கிறது. ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடும் மையத்துப் பதிவேடும் பல ஊர்களில் அலமாரியில் தூங்குகின்றன. எந்தத் தெருவில், எந்த வயதில், எந்த மாதத்தில் இறப்பு கூடியிருக்கிறது என்று பெயரில்லாமல் தொகுத்துப் பார்க்க ஒரு பட்டதாரி இளைஞனுக்கு இரண்டு வாரம் போதும். கடையிலும் கிடங்கிலும் வடமாநிலத் தொழிலாளர்களை வைத்திருப்பவர்கள், அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று விசாரித்துக் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகள்தான் எந்த ஊர்ப் பட்டியலிலும் இல்லாதவர்கள்.

இளைஞர்களே! அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எழுதிக் கொடுங்கள். தொகுத்த பட்டியலை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையும் வார்டு கவுன்சிலரையும் ஒரே நாளில் பாருங்கள். அவர்களிடம் உள்ள பட்டியலையும் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள்.