எங்கள் தெருவைத் தத்தெடுத்த கல்லூரி

கல்லூரியில் வேலைவாய்ப்புப் பயிற்சிக்காக ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், மதிப்பெண், தெரிந்த மொழிகள் என்று வரிசையாக நிரப்பிக்கொண்டே வந்தேன். கடைசியில் இரண்டு கட்டங்கள். ஒன்று பொழுதுபோக்கு, மற்றொன்று சமூகத் தொண்டு. இரண்டுக்கும் முன்னால் பேனா நின்றுவிட்டது.

நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் இளங்கலை இயற்பியல் படிக்கிறேன். வாரத்தில் ஐந்து நாட்கள் அரசு விடுதி. காலை ஐந்து மணிக்கு எழுந்தால்தான் குளியலறை கிடைக்கும். மாலையில் ஆய்வகக் குறிப்பேடு எழுதி முடித்து, நேரம் இருந்தால் கேரம். பலகையின் ஒரு மூலையில் வலை கிடையாது. காய் கீழே விழுந்தால் கட்டிலுக்கடியில் தேட வேண்டும். சனி, ஞாயிறு ஊருக்குப் போவேன். புதுமைப்பெண் திட்டத்தில் வரும் ஆயிரம் ரூபாயில் பாதி அம்மா கைக்குப் போகும். மீதியில்தான் நகல் எடுப்பதும் செல்பேசிக்குப் பணம் போடுவதும். பொழுதுபோக்கு என்ற கட்டத்தில் 'கேரம்' என்று எழுதினேன்.

தொண்டு என்ற கட்டத்தில் எழுத எனக்கு ஏராளம் இருக்கிறது. சனிக்கிழமை நான் பேருந்தைவிட்டு இறங்கினால் போதும், எங்கள் வீட்டு வாசலில் யாராவது காகிதத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஆயா, சாதிச் சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டிய தம்பி, வங்கிக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத மாமா. மாலையில் தெருவிளக்கின் கீழே பதினைந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். எனக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவர், எங்கள் தெருவில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய அண்ணன். எனக்குப் பின்னால் செய்யப் போகிற பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள். இதை நாங்கள் யாரும் தொண்டு என்று சொல்லிக்கொண்டதில்லை. இதற்குச் சான்றிதழும் கிடையாது.

ஆனால் சான்றிதழோடு ஒரு தொண்டு செய்தேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அதோடு ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். 'நான் அல்ல, நீ' என்பதுதான் இத்திட்டத்தின் முழக்கம். கல்லூரி ஒரு கிராமத்தைத் 'தத்தெடுக்கும்'. இந்த ஆண்டு எங்கள் கல்லூரி தத்தெடுத்தது எங்கள் ஊரை.

சுற்றறிக்கையில் ஊர்ப் பெயரைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. உடன் படிப்பவர்களுக்கு என் ஊர் எது என்று தெரியும். அந்த ஊரில் எந்தத் தெரு என்று தெரியாது. சுற்றறிக்கையில் நாள்வாரியாக நிகழ்ச்சி நிரல் இருந்தது. முதல் நாள் ஊர்த்தெருவில் மரக்கன்று நடுதல். இரண்டாம் நாள் கோயில் குளக்கரையில் கோலப்போட்டி. மூன்றாம் நாள் 'காலனியில் தூய்மைப் பணி மற்றும் சுகாதார விழிப்புணர்வு'. காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். எங்கள் சுற்றறிக்கைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலும். சொல் போகட்டும். மரக்கன்றும் கோலமும் ஊர்த்தெருவுக்கு, துடைப்பம் எங்கள் தெருவுக்கு என்று பிரித்த கை எது? யாரும் உட்கார்ந்து சதி செய்திருக்க மாட்டார்கள். யோசிக்காமலேயே அப்படித்தான் எழுத வருகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை நாற்பது பேர் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு துடைப்பத்தோடு எங்கள் தெருவுக்குள் போனோம். முன்னால் பதாகை. பக்கத்தில் புகைப்படம் எடுக்க ஒருவர். தெருவிலுள்ள பெண்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். விடிகாலையிலேயே அவர்கள் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்த வாசல்களைத்தான் நாங்கள் மறுபடியும் பெருக்கினோம். என் அம்மா நூறுநாள் வேலைக்குக் கிளம்பி, சோற்றுத் தூக்குடன் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். துடைப்பத்தைப் பார்த்தார்.

"ஏண்டி, காலேஜுக்கு அனுப்புனது தொடப்பம் புடிக்கவா?"

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் என் அருகிலிருந்த மூன்று பேருக்குக் கேட்டுவிட்டது. அன்றுதான் என் வீடு எது என்று என் வகுப்புக்குத் தெரிந்தது.

அம்மாவின் கேள்வியை மேலோட்டமாகக் கேட்டால், உடலுழைப்பை இழிவாக நினைக்கிறார் என்று தோன்றும். அப்படியில்லை. எங்கள் பாட்டி காலம் வரை ஊர்த்தெருவைப் பெருக்கியது எங்கள் தெருப் பெண்கள்தான். கூலி, பழைய சோறு. அந்தத் துடைப்பத்தைக் கீழே போட எங்களுக்கு இரண்டு தலைமுறை ஆனது. என் நண்பர்களுக்குத் துடைப்பம் ஏழு நாள் வேலை. படத்தில் அழகாக இருக்கும், சான்றிதழில் வரும். எங்களுக்கு அது தப்பித்து வந்த இடம். ஒரே பொருளை இரண்டு பேர் பிடித்தாலும் ஒரே எடை இருப்பதில்லை.

பெருக்கி முடித்தபின் விழிப்புணர்வு. சோப்புப் போட்டு இருபது நொடி கை கழுவ வேண்டும் என்று ஒரு மாணவி அழகாகச் செய்து காட்டினாள். கூட்டத்திலிருந்த ஒரு பாட்டி கேட்டார்: "சோப்பு இருக்குது பாப்பா. தண்ணி?"

எல்லாரும் சிரித்தார்கள். நிகழ்ச்சி முடிந்தது. எனக்கு மட்டும் முடியவில்லை.

அன்று இரவு நானும் தோழி ஒருத்தியும், அம்மா சொன்னதைக் கேட்ட ஒரு மாணவரும் பேசிக்கொண்டிருந்தோம். அவர் ஊர்த்தெருவிலிருந்து வந்தவர், வேறு ஊர். "எங்க ஊர்லயும் காலனி இருக்கு. நான் ஒரு தடவகூட உள்ள போனதில்ல. இங்கதான் முதல் தடவ" என்றார். மூன்று பேரும் இயற்பியல். மறுநாள் காலை ஒரு பதினைந்து லிட்டர் குடத்தையும் செல்பேசியில் உள்ள நேரக்காட்டியையும் எடுத்துக்கொண்டு குழாய் குழாயாகப் போனோம்.

ஊர்த்தெருவில் குடம் நிறைய 50 நொடி. எங்கள் தெருவின் முதல் குழாயில் மூன்று நிமிடம். கடைசிக் குழாயில் ஐந்து நிமிடத்துக்கு மேல். ஒரே மேல்நிலைத் தொட்டி, ஒரே குழாய். ஊர்த்தெரு முழுவதும் வீட்டு இணைப்புகளுக்குக் கொடுத்துவிட்டுப் போன மிச்சம்தான் எங்களுக்கு வருகிறது. நீளமான, குறுகலான குழாயில் போகப் போக அழுத்தம் குறையும் என்பது நாங்கள் படித்த பாடம். ஆனால் வால்வு எங்கள் பக்கம் ஒரு மணி நேரம் மட்டுமே திறக்கப்படுவது இயற்பியல் அல்ல. ஆறு தெருக்குழாய்கள், 42 வீடுகள். கணக்குப் போட்டால் வீட்டுக்கு இரண்டு குடம், அதாவது 30 லிட்டர். கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் குடிநீர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர் வர வேண்டும்.

மிச்சத் தண்ணீருக்கு எங்கள் பெண்கள் எங்கே போகிறார்கள்? ஊர்க்காரர் ஒருவரின் வயல் மோட்டாருக்கு. அவர் நல்லவர், தடுப்பதில்லை. ஆனால் அவர் வயலில் களை எடுக்கக் கூப்பிட்டால் 'இன்றைக்கு வர முடியாது' என்று எங்கள் தெருவில் யாரும் சொல்ல முடியாது. கூலி குறைவு என்றும் சொல்ல முடியாது. அவரோடு ஊரில் தகராறு வந்தால் சாட்சி சொல்லவும் முடியாது. ஒரு வால்வை ஒரு மணி நேரத்தில் மூடுவது இவ்வளவையும் செய்கிறது.

திட்ட அலுவலர் ஐயாவிடம் கணக்கைக் காட்டினோம். "இது நம்ம வேலை இல்லம்மா. முகாம் நல்லபடியா முடியட்டும்" என்றார். அவர் கெட்டவர் அல்ல, எங்களுக்காக இரவெல்லாம் விழித்துச் சமையலைப் பார்த்துக்கொண்டவர். தொண்டு என்பது யாருக்கும் சங்கடம் தராமல் செய்வது என்று அவருக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. நமக்கும் அப்படித்தான்.

இந்த வாதம் புதியதல்ல. 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் முடிந்த கையோடு தீண்டாமைக்கு எதிரான ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. பின்னால் அரிஜன சேவா சங்கம் ஆனது அதுதான். அதன் மையக் குழுவில் தொடக்கத்தில் அண்ணல் அம்பேத்கரும் இருந்தார். அவ்வாண்டு நவம்பரில் வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போகும்போது, அமைப்பின் செயலாளர் ஏ.வி.தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஒடுக்கப்பட்டவர்களிடம் நல்லொழுக்கத்தை வளர்ப்பது, மதுவிலக்கு, உடற்பயிற்சி, நூலகம் என்று சக்தியைச் செலவிடுவதா, அல்லது அவர்களைச் சூழ்ந்திருக்கும் சமூகத்தை மாற்றுவதா என்பதுதான் அக்கடிதத்தின் மையக் கேள்வி. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுப்பது, ஊர்ப் பள்ளியில் சேர்வது போன்ற குடியுரிமைகளுக்கான இயக்கத்தை முதலில் நடத்துங்கள், அதனால் கிராமத்தில் மோதல் வந்தாலும் பின்வாங்காதீர்கள் என்று அவர் வலியுறுத்தினார். கடிதம் கிடைத்தது என்று ஒரு பதில்கூட வரவில்லை என்பதைப் பின்னர் பதிவு செய்திருக்கிறார். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1927-இல், மகத் குளத்தில் தண்ணீரை அள்ளிக் குடித்துக் காட்டியவர் அவர். தண்ணீர் யாருடைய தயவிலும் வரக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. நகரத்துப் பிள்ளைகள் சேரிக்குள் வந்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதே மாற்றம்தானே என்று கேட்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. அந்த மாணவர் எங்கள் வீட்டில் கேழ்வரகுக் களி சாப்பிட்டார். அவருக்குள் ஏதோ அசைந்தது உண்மை. ஆனால் அவருடைய மனம் அசைவதற்காக என் அம்மா வாசலில் நின்று கூனிக்குறுக வேண்டியிருந்தது. அந்த விலையை எப்போதும் நாங்களே கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. 'நான் அல்ல, நீ' என்று முழங்கும்போது, அந்த 'நீ' கூட்டத்துக்குள்ளேயே தொப்பி போட்டுக்கொண்டு நிற்கக்கூடும் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

படித்தவர்கள் ஊருக்குத் திரும்பி வேலை செய்வதை எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1916-இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். 1925-இல் அம்பேத்கரின் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. இவர்கள் யாரையும் தத்தெடுக்கவில்லை. தம் மக்களோடு நின்றார்கள்.

முகாம் முடிந்த நான்காம் நாள் சனவரி 26. கிராம சபை. எங்கள் கணக்கை ஒரு தாளில் எழுதி, எங்கள் தெருவிலிருந்து 31 பெண்கள் கையெழுத்திட்டுக் கொண்டுபோனோம். பதினொரு பேர் கைநாட்டு. நான் வாசித்தேன். "சின்னப் பிள்ளைங்கள யாரு தூண்டிவிட்டது?" என்று ஒருவர் எழுந்தார். குடத்தையும் நேரத்தையும் மட்டும் திரும்பச் சொன்னேன். எண்ணுக்கு எதிராக அவரால் நீண்ட நேரம் கத்த முடியவில்லை. தொட்டியிலிருந்து எங்கள் தெருவுக்குத் தனிக் குழாய், அதுவரை வால்வு இரண்டு மணி நேரம் என்று தீர்மானம் எழுதப்பட்டது. இரண்டு மணி நேரம் நடைமுறைக்கு வந்துவிட்டது. தனிக் குழாய் இன்னும் வரவில்லை. அடுத்த கிராம சபையில் மறுபடியும் கேட்போம். களை எடுக்கப் போகாத இரண்டு பெண்களிடம் மோட்டார்க்காரர் இப்போது பேசுவதில்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த முகாமுக்குக் கிளம்பும் தோழர்களிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள். சேரிக்குத் துடைப்பம் கொண்டு போகாதீர்கள். குடமும் கடிகாரமும் கொண்டு போங்கள். குழாய், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை, பட்டா, கல்வி உதவித்தொகை ஆகியவற்றைக் கணக்கெடுங்கள். கணக்கை அந்த மக்களிடமே கொடுங்கள், அவர்கள் பேசட்டும். சாதி பற்றிய விழிப்புணர்வு நாடகத்தை எங்கள் தெருவில் போட வேண்டாம், எங்களுக்கு அது நன்றாகவே தெரியும். கோயில் வாசலிலும் ஊர்த்தெரு தேநீர்க் கடையிலும் போடுங்கள். உங்கள் சொந்த ஊரின் சேரிக்கு நீங்கள் ஏன் போனதில்லை என்று உங்கள் வீட்டில் கேளுங்கள். கிளம்புவதற்கு முன்னால் உங்கள் கல்லூரியிலேயே ஒரு முகாம் நடத்துங்கள். சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே விதி வகுத்தது. உங்கள் வளாகத்தில் அந்த அலுவலரின் அறை எது என்று தேடிப் பாருங்கள்.

அந்தப் படிவத்துக்கு வருகிறேன். சமூகத் தொண்டு என்ற கட்டத்தில் எதுவும் எழுதாமல் கொடுத்துவிட்டேன். பயிற்சி அளித்தவர் திருப்பித் தந்து, "என்.எஸ்.எஸ்ல இருந்திருக்கீங்களே, அத எழுதுங்க. கம்பெனிக்காரங்க பார்ப்பாங்க" என்றார். 'ஊருக்குக் குடிநீர் கேட்டு மனு கொடுத்தது' என்று எழுதினேன். அது தொண்டில் வராது என்றார். வராது என்று எனக்கும் தெரியும். அடிக்காமல் விட்டுவிட்டேன்.