படத்தில் இல்லாத ஆட்டம்

டெக்சாஸ் வெஸ்டர்ன் கல்லூரி பற்றி அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர் யாரைக் கேட்டாலும் ஒரே கதைதான். டான் ஹாஸ்கின்ஸ் என்ற பயிற்சியாளர் புதிதாக வந்தார். முதல் ஆண்டிலேயே ஐந்து கருப்பின வீரர்களைக் களமிறக்கினார். வெள்ளையர்கள் மட்டுமே ஆடிய கென்டக்கியைச் சாய்த்தார். 2006இல் டிஸ்னி எடுத்த 'குளோரி ரோட்' திரைப்படமும் இதையே சொல்கிறது.

வெற்றி நிஜம். 1966 மார்ச் 19, இறுதியாட்டம், 72-65. ஆனால் ஹாஸ்கின்ஸ் எல் பாசோ நகருக்கு வந்தது 1961இல். 1963, 1964 ஆண்டுகளிலேயே அவரது அணி தேசியப் போட்டியில் ஆடிவிட்டது. கருப்பின வீரர்களை அவர்தான் கொண்டுவந்தார் என்பதும் தவறு. அவர் வந்தபோதே நோலன் ரிச்சர்ட்சன் அங்கே ஆடிக்கொண்டிருந்தார். (பின்னாளில் பயிற்சியாளராகி 1994இல் ஆர்கன்சா அணிக்குப் பட்டம் வாங்கித் தந்தவர் இவர்தான்.) 1963இல் சாம்பியனான சிகாகோ லொயோலா அணியின் தொடக்க ஐவரில் நால்வர் கருப்பினத்தவர்.

இவையெல்லாம் சினிமாவுக்காகச் சுருக்கிய கணக்கு என்று விட்டுவிடலாம். விட முடியாதது வேறொன்று. 'அவர்களுக்கு இயற்கையிலேயே உடல்வாகு; ஓடினார்கள், தாவினார்கள், ஜெயித்தார்கள்' என்ற பேச்சு. பாராட்டுபோல ஒலிக்கும் அவமதிப்பு இது. அன்றைய ஆட்டத்தின் கணக்கைப் பாருங்கள். ஆட்டத்தின் ஓட்டத்தில் கென்டக்கி போட்ட கூடைகள் 27, டெக்சாஸ் வெஸ்டர்ன் போட்டவை 22. வெற்றி தந்தது ஃப்ரீ த்ரோ: 34 வாய்ப்புகளில் 28. யாரும் தடுக்காத கோட்டில் நின்று, கை நடுங்காமல் போட வேண்டிய பந்துகள் அவை. ஹாஸ்கின்ஸ், தடுப்பாட்டத்துக்குப் பேர்போன ஹென்றி ஐபாவின் மாணவர். அவரது அணி நிதானமாக ஆடும், எதிராளியை நெருக்கும். பாபி ஜோ ஹில் முதல் பாதியில் அடுத்தடுத்து இரண்டு முறை பந்தைப் பறித்துக் கூடை போட்டதும் அந்தப் பயிற்சியின் பலன்தான். கென்டக்கியின் தொடக்க ஐவரோ ஆறடி ஐந்து அங்குலத்தைத் தாண்டாதவர்கள். 'ரப்பின் குள்ளர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர்.

1968இல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்டிரேட்டட் இந்தக் கல்லூரி கருப்பின வீரர்களை நடத்திய விதத்தைக் கடுமையாகச் சாடியது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அதிலிருந்து, இவர்கள் படிக்க லாயக்கற்றவர்கள் என்ற கட்டுக்கதையும் கிளம்பியது. வெற்றி பெற்ற அணியின் கருப்பின வீரர்கள் பலர் பின்னர் பட்டம் பெற்றார்கள்.

கருப்பினத்தவரை ஆடவைத்துச் சரித்திரம் படைக்கவா ஐவரை இறக்கினீர்கள் என்று ஹாஸ்கின்ஸைக் கேட்டு அலுத்தார்கள். இருப்பதில் சிறந்தவர்களை இறக்கினேன் என்பதே அவரது பதில். 1999 வரை அங்கேயே இருந்து 719 ஆட்டங்களில் வென்றார். இறுதியாட்டம் மட்டும் மறுபடி வாய்க்கவில்லை.