11 காசு மருந்து

மருத்துவம்

கொல்கத்தாவில் காளிகாட் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் மருந்துக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. வயிற்றுப்போக்கு என்று போய் நின்றால் கடைக்காரர் முதலில் எடுத்துப் போடுவது ஒரு சின்னப் பொட்டலம்: ஓ.ஆர்.எஸ். பக்கத்து லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கவரும் தமிழ்க் குடும்பங்களுக்கும் அது பழகிய சரக்குதான். ஆனால் அதன் கதை இதே நகரத்தில், மருந்துக் கடையில் அல்ல, ஒரு நூலக அறையில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது.

1971. கிழக்கு பாகிஸ்தானில் போர். லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்குள் வந்தார்கள். கூடவே காலராவும் வந்தது. எல்லை ஊரான பன்காவ் மருத்துவமனைக்கு ஜூன் மாதம் போய்ச் சேர்ந்தார் டாக்டர் திலீப் மஹலனாபிஸ். கல்கத்தாவில் இருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர். தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துவிடும் நிலை. ஏற்றத் தெரிந்தவர்களும் விரல்விட்டு எண்ணும் அளவே.

வாய்வழியாகத் தண்ணீர் கொடுத்தே காப்பாற்றலாம் என்பதற்கு அறிவியல் ஆதாரம் அப்போதே இருந்தது. காலரா நச்சு குடலிலிருந்து நீரை வெளியேற்றினாலும் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் குடல் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பின்னாலேயே தண்ணீரும் போகிறது. ஆனால் பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லாத முகாமில், நோயாளியின் உறவினர் கையிலேயே கோப்பையைக் கொடுத்துவிடுவது சோதித்துப் பார்க்கப்படாத காரியம். வேறு வழியில்லாமல் மஹலனாபிஸ் அதைச் செய்தார்.

இங்கேதான் பழைய கம்பவுண்டர் வேலை கைகொடுத்தது. மருந்தைத் திரவமாகக் கலந்து லாரியில் ஏற்றினால் பாரம் அதிகம், சீக்கிரம் கெட்டும் போகும். பொடியாக அனுப்பினால் பாரம் குறைவு. தண்ணீர் அங்கேயே கிடைக்கும். எனவே கல்கத்தா மையத்தின் நூலக அறை மருந்து கலக்கும் கூடமானது. லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. 16 லிட்டர் பை என்றால் குளுக்கோஸ் 352 கிராம், உப்பு 56, சோடா 40. ஒருவர் நிறுப்பார், அடுத்தவர் கலப்பார், மற்றொருவர் பாலிதீன் பையில் போட்டு, சூடான இரும்பால் வாயை ஒட்டுவார். செலவு லிட்டருக்கு 11 காசு.

முகாமில் அதை டிரம்மில் கரைத்து, குழாயில் பிடித்துக் கொடுத்தார்கள். இரண்டே மாதங்களில் சுமார் 3,700 நோயாளிகள். 30 சதவீதம் வரை இருந்த சாவு 3.6 சதவீதமாக இறங்கியது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த திமான் பரூவா முகாமுக்கு வந்து பார்த்துவிட்டு, இந்த முறையைப் பரப்புவதில் முன்னின்றார். மஹலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அவரைத் தேடி வந்தது.

அளவுதான் இதில் உயிர். கல்வமும் தராசும் அவுன்ஸ் கிளாஸுமாக வாழ்ந்த கம்பவுண்டர்களின் பாடமும் இதுவே. பொடி கலக்கும்போது, குறைந்த எடையுள்ள சரக்கை முதலில் எடுத்து, அதிக எடையுள்ளதில் அதே அளவைச் சேர்த்துக் கலப்பார்கள். பிறகு இரட்டிப்பாக்கிக்கொண்டே போவார்கள். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் ஒரு பொட்டலத்தில் மருந்து அதிகம், மற்றொன்றில் குறைவு. திரவத்தில், முக்கால் பங்கு நீரில் பொடியைக் கரைத்தபிறகே மீதி நீர் விட்டு அளவை நிறைப்பார்கள். கரையாத சரக்கு அடியில் தங்கும் மிக்ஸ்சர் என்றால் 'குலுக்கிக் குடிக்கவும்' என்று சீட்டு ஒட்டுவார்கள். குலுக்காமல் குடித்தால் முதல் வேளை வெறும் தண்ணீர், கடைசி வேளை விஷம்.

ஓ.ஆர்.எஸ்ஸின் சரக்கும் மாறியிருக்கிறது. ஈரம் பட்டால் சோடாவும் குளுக்கோஸும் சேர்ந்து பழுப்பாகிக் கெடும் என்பதால் 1980களில் சோடாவுக்குப் பதில் சிட்ரேட் வந்தது. வயிற்றுப்போக்கில் வெளியேறும் பொட்டாசியத்தை ஈடுகட்ட அதுவும் சேர்ந்தது. 2002 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு லிட்டருக்கு: குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5 கிராம்.

நிறுத்துப் போடும் வேலையைத் தொழிற்சாலை செய்துவிடுகிறது. கடைசிக் கலவை மட்டும் வீட்டில், அம்மாவின் கையில்தான் நடக்கிறது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு தம்ளரில் கரைத்தால் உப்பு ஏறி, குழந்தைக்கு ஆபத்து. சர்க்கரை கூடினால் குடல் நீரை வெளியே இழுத்து, போக்கு அதிகமாகும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் போட வேண்டும்; பாலோ ஜூஸோ கூடாது; 24 மணி நேரத்தில் மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் கிடைக்காத ஊரில் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு - ஸ்பூனைக் குவிக்காமல், தட்டையாக வழித்து.

வாங்கும்போதும் கவனம் தேவை. வெறும் சர்க்கரைப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். பெயரில் விற்கப்பட்டதால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் அந்தப் பெயருக்குத் தடை போட்டது. பெயரைவிட பின்பக்கத்தில் இருக்கும் அளவைப் படிப்பதே நல்லது. குழந்தை சோர்ந்து விழுந்தாலோ, குடிப்பதையெல்லாம் வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ பொட்டலத்தோடு நிற்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும்.

பன்காவில் கோப்பையைப் பிடித்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள் அல்ல. நூலக அறையில் யாரோ சரியாக நிறுத்திருந்தார்கள்; அதனால்தான் அந்தக் கோப்பை உயிர் காத்தது.