எறும்பு என்றதும் பவுடரா?

மழை தொடங்கினால் எறும்பு வீட்டுக்குள் ஏறும். உடனே பவுடர்தான். அடுப்படி, அரிசிப் பானையைச் சுற்றி, குழந்தை தவழும் இடத்தில்கூட! எந்த எறும்பு என்று ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை.

2022இல் நமக்குப் பக்கத்தில், நத்தம் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் நடந்தது நினைவிருக்கும். மஞ்சள் பைத்திய எறும்பு. கடிக்காது, கொட்டாது, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். ஆடு மாடுகளின் கண்கள் பாதிக்கப்பட்டன. ஒரே புற்றில் பல ராணிகள். வெளியே ஓடுவதைக் கொன்றால் உள்ளே முட்டையிடுவது நிற்குமா?

ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவில் இதே எறும்பு கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றது. விஷத்தீனி போட்டுப் பார்த்துவிட்டு, 2016இல் எறும்புக்கு இனிப்புநீர் தரும் செதில்பூச்சியை ஒழிக்கச் சின்னக் குளவிகளை விட்டார்கள். சாப்பாட்டிலேயே கை வைத்தார்கள்!

நம் வீட்டுக்கும் அதுதான் வழி. ராத்திரி எச்சில் பாத்திரம் கிடக்கக் கூடாது. சர்க்கரை டப்பா இறுக்கமாக மூட வேண்டும். எறும்பு வரிசையின் பின்னாலேயே போய், சுவர் விரிசலைக் கண்டுபிடித்து சிமென்ட் வைத்து அடையுங்கள். கடிக்காத பிள்ளையார் எறும்பை விட்டுவிடுங்கள், பாவம்.

நம் பிள்ளைகள் பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை அழகாக வரைகிறார்கள். வீட்டு எறும்பில் இரண்டைப் பிரித்துச் சொல்லத் தெரியாது. பாடத்தில் இதைச் சேர்க்க வேண்டும் என்பேன்.

நீண்ட கால், மஞ்சள் உடம்பு, தாறுமாறான ஓட்டம் கண்டால் நாலைந்தை பாட்டிலில் பிடித்து வேளாண்மை அலுவலகத்தில் காட்டுங்கள்.