குடவோலையைத் துணைக்கு அழைக்காதீர்கள்

படிக்காதவனுக்கு ஓட்டு எதற்கு என்று கேட்கிறார் செய்யாறு நண்பர் ஒருவர். பத்தாம் வகுப்பாவது தேறியிருக்க வேண்டுமாம். தறிக்காரரும் கூலிக்காரரும்தான் காசுக்கு ஓட்டை விற்கிறார்களாம். துணைக்குப் பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை வேறு இழுத்திருக்கிறார்: ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழன் தகுதி வைத்தானாம்.

வைத்தான்தான். பராந்தக சோழன் காலத்து அந்தச் சாசனங்களை நண்பர் முழுதாகப் படித்தாரா? வரி கட்டும் நிலம் கால்வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல் 70க்குள், வேத அறிவு. இந்தத் தகுதிகளைக் கேட்ட ஊர்ச்சபை பிராமணர் சபை. பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு போனால் வாசலைக்கூடத் தாண்ட முடியாது. அங்கே நடந்ததும் வாக்கெடுப்பு அல்ல. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்ன குலுக்கல். கணக்குக் காட்டாதவரும் அவர் சொந்தபந்தமும் பொறுப்புக்கு வரக் கூடாது என்றும் அதே கல்வெட்டில் இருக்கிறது. அந்த வரியை மட்டும் நம்மூர் மேடைகளில் யாரும் வாசிப்பதில்லை.

படிப்பை அளவுகோலாக்கியும் பார்த்தாயிற்று. அமெரிக்கத் தென் மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு வைத்தார்கள். தேர்வு வைத்தவர் வெள்ளை அதிகாரி. படித்த கறுப்பரும் தோற்றார்; படிக்காத வெள்ளையருக்கு, பாட்டன் ஓட்டுப் போட்டிருந்தால் போதும் என்று சலுகை தந்த காலமும் உண்டு. 1965இல் சட்டம் போட்டுத்தான் அடக்கினார்கள்.

இலங்கை 1931லேயே ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை தந்த நாடு. 1948, 1949 சட்டங்கள் மலையகத் தமிழரின் குடியுரிமையையும் ஓட்டையும் பறித்தன. ஓட்டில்லாதவரின் லயத்துக்கு, அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, எந்த அமைச்சர் வருவார்?

இங்கும் 1935 சட்டப்படி சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் ஓட்டு. 1951-52இல்தான் எல்லோருக்கும் கதவு திறந்தது. சுமார் 17 கோடி வாக்காளர்கள், பெரும்பாலோர் கைநாட்டு. சின்னம் பார்த்துப் போட்டார்கள். சென்னை மாகாணத்தில், சுதந்திரம் வாங்கித் தந்ததாக மார்தட்டிய காங்கிரசுக்கே பெரும்பான்மை தர மறுத்தார்கள். இதையா விவரமில்லாமை என்கிறார்?

காசு விஷயத்துக்கு வருவோம். பணம் பிடிபட்டதால் 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தானது. ஓட்டுக்குக் கொடுக்கும் கோடிகளைக் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்கிறவர் சேர்த்துவைப்பதில்லை. வாங்குபவரின் உரிமையைப் பறிக்கத் துடிக்கும் நண்பர், கொடுப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

2024 மக்களவைத் தேர்தலில், செய்யாறு அடங்கிய ஆரணித் தொகுதியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் ஓட்டுப் போட்டார்கள். மத்திய சென்னையில் பாதிக்குச் சற்று மேல். தேர்வு வைத்தே தீருவதென்றால் நண்பர் அங்கிருந்து தொடங்கட்டும்.