பட்டினி போட்டால் ஏவுகணை நிற்காது

2025 செப்டம்பர் இறுதியில் ஈரான் மீதான ஐ.நா. தடைகள் மீண்டும் உயிர்பெற்றன. 2015 அணுசக்தி உடன்பாட்டோடு வந்த தீர்மானம் அளித்த அதிகாரத்தை பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளும் பயன்படுத்தியதன் விளைவு இது. அணு ஆயுதத்தைச் சுமக்கவல்ல பாலிஸ்டிக் ஏவுகணைகள் தொடர்பான எந்தப் பணியிலும் ஈரான் ஈடுபடக் கூடாது என்று 2010-இல் பாதுகாப்பு கவுன்சில் நிறைவேற்றிய 1929-ஆம் எண் தீர்மானமும் அவற்றோடு திரும்பியது. ரஷ்யாவும் சீனாவும் இதை ஏற்கவில்லை. இதற்கு வெகுமுன்பே அமெரிக்கா ஈரானின் எண்ணெய் விற்பனையையும் வங்கிப் பரிவர்த்தனையையும் முடக்கத் தொடங்கிவிட்டது. ஏவுகணைகளையும் ட்ரோன்களையும் கட்டுப்படுத்துவதே நோக்கம் என்றால், இந்த வழி தவறு. ஒரு நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தையும் நெரிப்பதை விட்டு, ஆயுதம் செய்யத் தேவையான பொருள்களை மட்டும் விடாப்பிடியாக மறிக்க வேண்டும். கட்டுப்பட்டால் தடை விலகும் என்று நம்பத்தகுந்த உறுதியும் தர வேண்டும்.

ஈரானின் ஏவுகணைத் திட்டம் பிறந்ததே தடையின் நிழலில்தான். 1979 புரட்சிக்குப் பின் அமெரிக்க ஆயுதங்களும் உதிரிபாகங்களும் வருவது நின்றது. ஈராக்குடனான எட்டாண்டுப் போரில் தன் நகரங்கள் மீது ஏவுகணைகள் விழுந்தபோது, பதிலடி கொடுக்க லிபியாவிடமும் வட கொரியாவிடமும் ஸ்கட் ஏவுகணைகளை வாங்கியது ஈரான். பிறகு வட கொரியாவின் நோடாங்கை அடிப்படையாகக் கொண்டு ஷஹாப்-3 வந்தது. 2018-இல் அணுசக்தி உடன்பாட்டிலிருந்து வெளியேறிய அமெரிக்கா ‘உச்சகட்ட அழுத்தம்’ கொடுத்ததும், நாளொன்றுக்குச் சுமார் 25 லட்சம் பீப்பாயாக இருந்த ஈரானின் எண்ணெய் ஏற்றுமதி 5 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. ஆனால், அதற்கு அடுத்த ஆண்டுகளில்தான் ஷாஹெத்-136 ட்ரோன் களத்துக்கு வந்தது. 2022-இல் ரஷ்யா அதை உக்ரைன் மீது ஏவியது. இப்போது ததார்ஸ்தானில் தானே தயாரிக்கிறது. 2024 ஏப்ரலில் 300-க்கும் மேற்பட்ட ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் ஈரான் ஒரே இரவில் இஸ்ரேலை நோக்கி ஏவியது.

கஜானா வறண்டால் ஆயுதப் பட்டறையும் மூடப்படும் என்பதுதான் முழுத் தடையை ஆதரிப்போரின் முக்கிய வாதம். கணக்கு அப்படி வருவதில்லை. ஒரு ஷாஹெத் ட்ரோனின் விலை 20,000 முதல் 50,000 டாலர் வரை என மதிப்பிடப்படுகிறது; அதைச் சுட்டு வீழ்த்தும் ஏவுகணையின் விலை பல மடங்கு. பணம் குறையக் குறைய, விலை குறைந்த ஆயுதத்தின் மீது ஆட்சியாளருக்கு நாட்டம் கூடுகிறது. இருக்கும் பணத்திலும் முதல் பங்கு புரட்சிகரக் காவல் படைக்கே போகிறது. நேர்வழி வணிகம் அடைபடும்போது கள்ள வழியில் எண்ணெய் விற்கும் வலையமைப்பும் அந்தப் படையின் கைக்கே வந்து சேர்கிறது. அடி விழுவது மக்கள் மீது. 2015-இல் ஒரு டாலருக்குச் சுமார் 32,000 ரியால் கொடுத்த ஈரானியர் 2025-இல் பத்து லட்சத்துக்கும் மேல் கொடுக்க வேண்டியதாயிற்று. மருந்துக்குச் சட்டப்படி விலக்கு இருந்தும், பணம் அனுப்ப வங்கிகள் அஞ்சியதால் அரிய நோய் கண்டவர்கள் மருந்தின்றித் தவித்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2019-இல் பதிவுசெய்தது. ஆட்சியைத் தட்டிக் கேட்கும் வலு உள்ள நடுத்தர வர்க்கத்தை இப்படி நொடிக்க வைத்துவிட்டு, ஆட்சி மாறவில்லையே என்று அங்கலாய்ப்பதில் பொருளில்லை.

அதற்காகத் தடையே வீண் என்று சொல்லிவிட முடியாது. உக்ரைனில் விழுந்த ஷாஹெத்தைப் பிரித்துப் பார்த்தபோது அதில் அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களின் மின்னணுப் பாகங்கள் இருந்தன. எஞ்சினோ ஒரு ஜெர்மானிய வடிவமைப்பின் நகல். சலவை இயந்திரத்திலும் இருக்கும் சிப்பை யார் தடுக்க முடியும் என்று கேட்கலாம். ஒவ்வொன்றையும் தடுக்க முடியாதுதான். ஆனால், போர்க்களத்தில் அடிக்கடி கிடைக்கும் பாகங்களை 50 சுங்கக் குறியீடுகளாக மேற்கு நாடுகள் ஏற்கெனவே பட்டியலிட்டுள்ளன. அப்பாகங்களை இடைத்தரகருக்கு விற்கும் உற்பத்தியாளர், அவை இறுதியில் எங்கே போகின்றன என்று பதில் சொல்லியாக வேண்டும் என்பது கடினமான விதி அல்ல. திட எரிபொருள் ஏவுகணைக்கு வேண்டிய அம்மோனியம் பெர்குளோரேட்டும், அதற்கு மூலப்பொருளான சோடியம் பெர்குளோரேட்டும் சிப்பைப் போலச் சட்டைப்பையில் கடத்தக்கூடியவை அல்ல. கப்பல் கப்பலாக வந்தாக வேண்டும். சீனாவிலிருந்து ஈரானுக்குச் சோடியம் பெர்குளோரேட்டை வாங்கித் தந்த வலையமைப்பின் மீது 2025 ஏப்ரலில் அமெரிக்கா தடை விதித்தது. கண்காணிப்பு இறுக வேண்டிய இடம் இதுதான்.

குறுகிய தடையும் திட்டத்தை நிறுத்திவிடாது, தாமதப்படுத்தும். இந்தியாவுக்கே அந்த அனுபவம் உண்டு. ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி 1992-இல் இஸ்ரோ மீதும் ரஷ்யாவின் கிளாவ்கோஸ்மாஸ் மீதும் அமெரிக்கா தடை விதித்தது. கிரையோஜெனிக் எஞ்சினின் தொழில்நுட்பம் நமக்குக் கிடைக்கவில்லை. உள்நாட்டு எஞ்சினோடு ஜி.எஸ்.எல்.வி. வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரியில்தான். விண்வெளித் திட்டத்துக்கு எதிரான அந்தத் தடை நியாயமற்றது. ஆனாலும் ஒரு முக்கியத் தொழில்நுட்பத்தை மறித்தால் எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு அது சான்று. அப்படிக் கிடைக்கும் அவகாசத்தைப் பேச்சுவார்த்தைக்குப் பயன்படுத்தாவிட்டால் தடை வெறும் தண்டனையாகச் சுருங்கிவிடும். 2017-இல் சீனாவும் ரஷ்யாவும் சேர்ந்து வாக்களித்த கடும் தடைகளுக்குப் பிறகும் வட கொரியா 2023-இல் திட எரிபொருளில் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைச் சோதித்தது. 2024 மார்ச்சில் அந்நாட்டின் மீதான தடைகளைக் கண்காணித்த ஐ.நா. நிபுணர் குழுவையே ரஷ்யா தன் ரத்து அதிகாரத்தால் முடித்துவைத்தது.

தடையைத் தளர்த்தினால் அந்தப் பணமும் ஏவுகணைக்கே போகும் என்ற ஆட்சேபம் எளிதில் தள்ளத்தக்கதல்ல. 2015 உடன்பாட்டுக்குப் பிறகும் ஈரான் ஏவுகணைகளைச் சோதித்தது. ஆனால், அந்த உடன்பாடு ஏவுகணைகளைத் தொடவே இல்லை. உடன் வந்த 2231-ஆம் எண் தீர்மானமோ முன்பிருந்த திட்டவட்டமான தடையை வெறும் வேண்டுகோளாக மென்மைப்படுத்தியது. கேட்காத விஷயத்தில் ஈரான் கட்டுப்படவில்லை என்பது தளர்வுக்கு எதிரான சான்று ஆகாது. 2,000 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் ஏவுகணை தேவையில்லை என்று ஈரான் தலைமையே முன்பு சொல்லியிருக்கிறது. அந்த வரம்பை எழுத்தில் பெறுவதும், ரஷ்யாவுக்கும் ஏமனின் ஹூதிகளுக்கும் ஆயுதம் கைமாறுவதை நிறுத்துவதும் முதல் படியாகட்டும். ஒவ்வொரு படிக்கும் ஈடாக எண்ணெய், வங்கித் தடைகளில் ஒரு பகுதி விலகட்டும். 2003-இல் ஆயுதத் திட்டங்களைக் கைவிட்ட லிபியாவின் கடாஃபிக்கு 2011-இல் நேர்ந்ததையும், ஈரான் விதிமுறைப்படி நடக்கிறது என்று சர்வதேச அணுசக்தி முகமை சொல்லிக்கொண்டிருந்தபோதே அமெரிக்கா 2018-இல் வெளியேறியதையும் தெஹ்ரான் மறக்கவில்லை. எனவே, வாக்குத் தவறாமைக்கான பொறுப்பு தடை விதிப்பவருக்கும் உண்டு.

2019-இல் ஈரான் எண்ணெய் வாங்குவதை நிறுத்திய இந்தியா, தான் வகுக்காத கொள்கைக்கு விலை கொடுத்த நாடு. 2016 முதல் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பில் அது உறுப்பினரும்கூட. ஈரான் ட்ரோன் வணிகத்துக்கு உதவியதாக இந்தியாவில் இயங்கும் நிறுவனங்களையும் 2024-இல் அமெரிக்கா தடைப்பட்டியலில் சேர்த்தது. நம் துறைமுகங்களில் ஏற்றுமதிச் சோதனையைப் பிறர் சொல்லும்முன் நாமே இறுக்க வேண்டும். அதே குரலில், ஒரு நாட்டின் மக்களையே பிணை வைக்கும் முழுத் தடைகளை ஏற்க மாட்டோம் என்றும் புதுடெல்லி உறுதியாகச் சொல்ல வேண்டும்.