முட்டுகிற மாடும் பழைய வண்டியும்



மும்பையில் நம் விசுவாசிகளில் அநேகர் பிக்கப் வண்டியை வைத்துப் பிழைக்கிறவர்கள். மே மாதத்தில் ஒரு சகோதரர் என்னை அழைத்தார். சசூன் டாக்கிலிருந்து மீன் ஏற்றும் பழைய வண்டி அவருடையது. "பிரேக் கொஞ்சம் கீழே இறங்குது பாஸ்டர். பைப் மாத்தணும்னு மெக்கானிக் சொல்றாரு. ஜூன் ஒண்ணாம் தேதி மீன்பிடித் தடை வந்துடும், அதுவரைக்கும் ஓடட்டும்னு இருக்கேன். எண்ணெய் பூசி ஜெபிச்சிடுங்க" என்றார். வண்டியை ஓட்டுகிறவரோ அவரல்லர். ஊரிலிருந்து வந்த ஒரு வாலிபன்.

பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலின் அழுத்தம் மெல்லிய எஃகுக் குழாய்கள் வழியாகச் சக்கரங்களுக்குச் செல்கிறது. மீன் பெட்டிகளிலிருந்து வடியும் உப்புநீர் அந்தக் குழாய்களின்மேல் விழுகிறது. கிளிப்புகளில் சேறு அடைந்து, ஈரம் காயாமல், துரு உள்ளே தின்றுகொண்டே போகிறது. மெதுவாக மிதிக்கும்வரை குழாய் தாங்கும். குறுக்கே ஒரு பிள்ளை ஓடிவர, முழுப் பலத்தோடு மிதிக்கும்போதுதான் வெடிக்கும். இரண்டு இணைப்புகள் உள்ள வண்டியில் ஒன்று மிஞ்சும்; ஆனால் பாரத்தோடு வரும் வண்டி நிற்க வெகுதூரம் வேண்டும்.

பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரமேறியபின் அந்த அளவு 140 வரை குறையக்கூடும். கசாரா காட் போன்ற இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால், பெடல் வெறுமனே தரைக்குப் போகும்.

"எஃப்.சி. இருக்கிறதே" என்பார்கள். அது சோதித்த நாளுக்குரிய சாட்சி.

யாத்திராகமம் 21:28, 29 வசனங்களை அந்தச் சகோதரருக்கு வாசித்துக் காட்டினேன். மாடு முட்டி ஒருவன் செத்தால் மாட்டுக்காரன்மேல் குற்றமில்லை. அது முட்டுகிற மாடென்று அவனுக்கு முன்னமே அறிவிக்கப்பட்டும் அவன் கட்டிவைக்காதிருந்தால், இரத்தப்பழி அவன்மேலும் வருகிறது. மெக்கானிக் அறிவித்துவிட்டாரே! "அப்போ விசுவாசத்துக்கு என்ன அர்த்தம் பாஸ்டர்?" என்று அவர் வருத்தப்பட்டார். அவரைக் கடிந்துகொள்ள எனக்குத் துணிவில்லை. இத்தனை வருஷ ஊழியத்தில் எத்தனையோ வண்டிகளுக்கு ஜெபித்திருக்கிறேன். ஒன்றின் அடியிலாவது குனிந்து பார்த்ததில்லை.

வண்டி வைத்திருக்கிற சகோதரரே, ஆயில் அடிக்கடி குறைகிறதா, பெடலை அழுத்திப் பிடித்தால் மெல்ல இறங்குகிறதா, சக்கரத்தின் உட்புறம் ஈரமாயிருக்கிறதா என்று பாரும். இதில் ஒன்று இருந்தாலும் வண்டியை நிறுத்திவிடும். துருப்பிடித்த குழாயை ஒட்டுப்போடாமல் முழுவதும் மாற்றும். ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்றும்.

அந்தச் சகோதரரின் வண்டி நான்கு நாள் நின்றது. கழற்றிய குழாய் மெக்கானிக்கின் விரலிலேயே ஒடிந்ததாம். அந்த நான்கு நாளுக்கும் வாலிபனுக்குக் கூலி கொடுத்தீர்களா என்று கேட்டேன். மறுநாள் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப்பின் மூவருமாக வண்டியருகே நின்று ஜெபித்தோம்.